வட்டிக்கும் வருணம் உண்டு



இதழுக்கு வருகிற தபாலில் முக்கால்வாசி கவிதைதான். மிச்சம் கதை, கொஞ்சம் தன்வரலாறு, ஒன்றிரண்டு மதிப்புரை. கவிதை எழுதுகிறவன் என்கிற முறையில் எனக்கு இதில் சந்தோஷமே. அவமானத்தையும் கோபத்தையும், பறையையும் மாட்டுக்கறியையும் எழுதி எழுதித்தான் தமிழ் இலக்கியத்தின் முற்றத்தில் நாம் காலை ஊன்றினோம். ஆனால் கூலியைப் பற்றி, கடனைப் பற்றி, பட்டாவைப் பற்றி, அரசாங்கத்தின் வரவு செலவைப் பற்றி ஒரு கட்டுரை வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிடுகிறது. கேட்டால், "அதெல்லாம் பெரிய படிப்புக்காரங்க சமாச்சாரம் தோழர், நமக்கெதுக்கு" என்கிறார்கள். இப்படிச் சொல்கிறவர்களில் எம்.ஏ. பொருளாதாரம் படித்தவர்களும் உண்டு.

இந்தத் தலையங்கம் பொருளாதாரப் புத்தகங்களைப் பற்றியது. முதலாளியம் என்றால் என்ன, அது மனிதர்களை என்ன செய்கிறது என்று பேசுகிற புத்தகங்களில் சேரி எங்கே இருக்கிறது, எப்படிக் காணாமல் போனது, அவற்றை நாம் ஏன் வாசித்தே தீர வேண்டும் என்பதைப் பற்றியது.

"உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்குகூட மிஞ்சாது" என்பது நம் பக்கத்துப் பழமொழி. நிலம் வைத்து உழுதவனுக்கே உழக்கு மிஞ்சாது என்றால், அவன் வயலில் நாற்று நட்டவளுக்கும் வரப்பு வெட்டியவனுக்கும் என்ன மிஞ்சும்? அதைப் பழமொழி சொல்லவில்லை. அவர்கள் பழமொழிக்குள்கூட வரவில்லை. கணக்குப் பார்க்காதே என்பதுதான் தலைமுறை தலைமுறையாக நமக்குச் சொல்லிவைத்த புத்தி. களத்துமேட்டில் அளந்தது அவர்கள் மரக்கால். எழுதியது அவர்கள் நோட்டு. வாசித்துச் சொன்னது அவர்கள் கணக்குப்பிள்ளை. கைநாட்டு மட்டும் நம்முடையது.

மனுஸ்மிருதியை நாம் எரித்திருக்கிறோம். 1927 டிசம்பர் 25இல் மகத்தில் பாபாசாகேப் தலைமையில் எரித்தது தொடங்கி எத்தனையோ முறை. நான் அதைப் பொருளாதார நூலாகவே வாசிக்கிறேன். எட்டாம் அத்தியாயத்தில் கடன், அடமானம், வட்டி பற்றிய சட்டங்கள் வருகின்றன. அதில் மாத வட்டி விகிதம் ஒன்று இருக்கிறது. நூற்றுக்கு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வருண வரிசைப்படி வாங்கலாமாம். பார்ப்பனர் கடன் வாங்கினால் இரண்டு, சத்திரியருக்கு மூன்று, வைசியருக்கு நான்கு, சூத்திரருக்கு ஐந்து. வங்கியில் வட்டி போட்டுப் பழகிய கைக்கு இது உடனே வருடக் கணக்காக மாறிவிடுகிறது. மேலே இருப்பவருக்கு 24 சதவீதம், கீழே இருப்பவருக்கு 60 சதவீதம். பத்தாம் அத்தியாயம் சூத்திரர் பொருள் சேர்க்கக் கூடாது என்கிறது. சண்டாளர் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும், நாயும் கழுதையும்தான் அவர்கள் சொத்து என்கிறது. அந்த வட்டி அட்டவணையில் நமக்கு ஐந்தாவது வரி கிடையாது. நாம் கடன்காரராகக்கூட மதிக்கப்படவில்லை.

இந்த விகிதம் நடைமுறையில் எவ்வளவு தூரம் ஓடியது என்பது வேறு கேள்வி. ஒரு சமூகம் தன் நியாயத்தை எப்படி எழுதிவைத்தது என்பதை இது காட்டுகிறது. யாரிடம் பொருள் சேரலாம், யாரிடம் சேரக் கூடாது, பணத்தின் விலை யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கிற ஏற்பாட்டுக்குப் பொருளாதாரம் என்றுதானே பெயர்? அப்படியிருக்கச் சாதியை மட்டும் சமயம், பண்பாடு, மனோபாவம், தீண்டாமைப் பழக்கம் என்கிற கணக்கில் எழுதுகிறார்கள்.

கல்லூரிப் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். நிலம், உழைப்பு, மூலதனம், தொழில் அமைப்பு என்று நான்கு உற்பத்திக் காரணிகள். நிலம் யாருடையது, எப்படி அவருடையதாயிற்று என்று கேட்க வேண்டுமானால் சமூகவியல் துறைக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால் சடங்கையும் கல்யாண முறையையும் பேசுவார்கள், கூலியைப் பேச மாட்டார்கள். பொருளாதாரத் துறைக்கும் சமூகவியல் துறைக்கும் நடுவில் உள்ள வராந்தாவில்தான் சேரி நிற்கிறது.

இந்தப் பிரிவினை எப்படி வந்தது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே கதை இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். மிராசுதாரர்களின் பிடி, கடனால் கட்டப்பட்ட பண்ணையாள் வாழ்க்கை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத நிலை எல்லாம் அதில் வந்தன. அதையொட்டி 1892இல் பிறந்த அரசாணையின் வழி வந்ததுதான் இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது. பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவருக்கு மட்டும்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. ரூபா விஸ்வநாத் 2014இல் எழுதிய 'தி பறையா பிராப்ளம்' என்கிற ஆய்வு நூல் இந்தக் காலத்தைத்தான் அலசுகிறது. அடிமை உழைப்பும் நிலமின்மையுமாக இருந்த ஒரு பிரச்சினை, நிலவுடைமையாளர்களும் அதிகாரிகளும் பாதிரிமார்களும் சேர்ந்து பேசப் பேச, மதப் பிரச்சினையாகவும் 'சமூக'ப் பிரச்சினையாகவும் உருமாறியதை அந்த நூல் காட்டுகிறது. சமூகப் பிரச்சினை என்று ஆக்கிவிட்டால் அரசு அதில் கைவைக்க வேண்டியதில்லை. மனம் மாறட்டும் என்று காத்திருக்கலாம். நூறு வருடத்துக்கும் மேலாகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பஞ்சமி நிலத்தைத்தான் காரணையில் கேட்டார்கள். நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. அதை எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது 1994 அக்டோபர் 10இல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். மறுநாள் செய்தியில் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. நிலம், குத்தகை, சந்தை விலை என்கிற சொற்களோடு சேர்த்து எழுத வேண்டிய மரணங்கள் அவை.

இனி இடதுசாரித் தோழர்களிடம் வருவோம். மார்க்ஸ் நமக்கு அந்நியரல்ல. 'மூலதன'த்தைத் தோழர் தியாகு சிறையில் இருந்தபடி தமிழில் பெயர்த்த மண் இது. அந்த நூலில் இயந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தில் ஓர் இடம் வருகிறது. இங்கிலாந்தில் கால்வாய்ப் படகு இழுக்கக் குதிரைக்குப் பதிலாகச் சில இடங்களில் பெண்களைப் பயன்படுத்தினார்களாம். குதிரைக்கும் இயந்திரத்துக்கும் ஆகிற செலவு கணக்கில் தெரியும். உபரியாகக் கிடக்கிற பெண்ணைப் பராமரிக்கிற செலவோ கணக்குக்கே வராத அளவு அற்பம். இதைப் படிக்கும்போது எனக்குப் பாதாள சாக்கடைதான் கண்ணுக்கு முன்னால் வருகிறது. கழிவை அள்ள இயந்திரம் இல்லாமலா நம் ஆட்களை இறக்குகிறார்கள்? இயந்திரத்தின் விலை ரசீதில் இருக்கிறது. இறங்குகிறவர் உயிருக்கு ரசீது இல்லை. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இலும், முப்பது லட்சம் என்று 2023இலும் உச்சநீதிமன்றம் சொன்னது. விலையை உயர்த்தினால்தான் இயந்திரம் வரும் என்றால், அது மார்க்ஸ் சொன்ன கணக்குத்தான். ஆனால் எந்தச் சாதியின் உயிர் இவ்வளவு மலிவு என்கிற கேள்விக்கு அந்தக் கணக்கில் மட்டும் விடை கிடைக்காது.

மார்க்ஸே இதில் ஓர் எதிர்பார்ப்பு வைத்திருந்தார். 1853 ஏப்ரலில் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் ரயில் ஓடியது. அதே வருடம் ஆகஸ்டில் நியூயார்க் டெய்லி ட்ரிப்யூனில் வந்த கட்டுரையில், ரயிலைத் தொடர்ந்து வரும் நவீனத் தொழில், சாதிக்கு அடிப்படையான பரம்பரை வேலைப் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எழுதினார். ரயில் வந்தது. ஆலையும் வந்தது. கரைந்ததா?

85 வருடம் கழித்து, 1938 பிப்ரவரியில், அந்த முதல் ரயிலை ஓட்டிய அதே ஜி.ஐ.பி. ரயில்வேயின் தீண்டப்படாத தொழிலாளர்கள் மன்மாடில் மாநாடு கூட்டினார்கள். தலைமை பாபாசாகேப். பார்ப்பனியம், முதலாளியம் இரண்டும் உழைக்கிற மக்களின் எதிரிகள் என்று அவர் சொன்னது அங்கேதான். மேடையில் கைதட்டு வாங்குகிற கோஷமாக மட்டும் இதை நாம் தூக்கித் திரிகிறோம். அதே பேச்சில் அவர் அடுக்கிய விவரங்களை யாரும் பேசுவதில்லை. ரயில்வேயில் நம் ஆட்களுக்குத் தண்டவாளத்தில் கேங்மேன் வேலைதான் கதி. போர்ட்டர் வேலைகூடக் கிடைக்காது. காரணம், ஸ்டேஷன் மாஸ்டர் போர்ட்டரைத் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார். வீட்டுக்குள் நுழைய முடியாதவர் எப்படிப் போர்ட்டர் ஆக முடியும்? பம்பாய்ப் பஞ்சாலைகளில் கூலி கூடுதலான நெசவுப் பிரிவில் நம்மவர்களைச் சேர்ப்பதில்லை. அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்தித் தறியில் கோக்க வேண்டும், எச்சில் தீட்டாகிவிடுமாம். அங்கே மறித்தவர்கள் முதலாளிகள் மட்டுமில்லை, சக தொழிலாளர்களும்தான். ஆக, நீராவியில் ஓடிய ஆலைக்குள்ளும் ஓர் ஊர், ஒரு சேரி.

ஆதம் ஸ்மித் 1776இல் தன் நூலின் தொடக்கத்திலேயே குண்டூசிப் பட்டறை ஒன்றைக் காட்டுகிறார். பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டால் ஒரு நாளில் 48,000 ஊசி செய்யலாம் என்கிறார். அந்தப் பத்துப் பேரில் கம்பி இழுக்கிறவர் நாளைக்குத் தலை பொருத்துகிற வேலைக்கு மாறினால் யாரும் அவர் குடிசையைக் கொளுத்தப் போவதில்லை. சாதியும் வேலைப் பிரிவினைதானே என்று வாதாடியவர்களுக்கு 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் பாபாசாகேப் பதில் சொன்னார். இங்கே பிரிந்து கிடப்பது வேலை மட்டுமில்லை, உழைக்கிற மனிதர்களே ஒருவருக்கு மேல் ஒருவராக அடுக்கிவைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். ஸ்மித்துக்கும் மார்க்ஸுக்கும் நம் தரப்பிலிருந்து போன பொருளாதார மறுமொழி அது. அதைச் சீர்திருத்தப் பிரசங்கமாகச் சுருக்கிவிட்டோம்.

இப்போது நம் வீட்டுப் பக்கம் திரும்புவோம். ஊருக்கு ஊர் சிலை வைத்திருக்கிறோம். உடைப்பார்கள் என்று பல சிலைகளுக்குக் கம்பிக் கூண்டும் போட்டிருக்கிறார்கள். சிலையின் கையில் இருக்கிற புத்தகம் அரசியல் சட்டம். நல்லது. ஆனால் அந்தக் கை எழுதிய முதல் பெரிய புத்தகங்கள் பணத்தைப் பற்றியும் வரியைப் பற்றியும். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றிக் கொலம்பியாவில் 1915இல் எழுதிய எம்.ஏ. ஆய்வேடு. இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி 1918இல் ஒரு கட்டுரை. லண்டனில் 1923இல் வெளியான 'ரூபாயின் பிரச்சினை'. மாகாண நிதி பற்றி 1925இல் ஒரு நூல். தமிழிலும் 37 தொகுதிகள் வந்துவிட்டன. நூலகத்தில் இந்தத் தொகுதிகளை எடுத்துப் பாருங்கள். சாதி, பௌத்தம் பற்றிய தொகுதிகள் கைபட்டுக் கிழிந்திருக்கும். ரூபாய்த் தொகுதியின் முனை மடங்கியிருக்காது.

"ரிசர்வ் வங்கியே அண்ணல் போட்டதுதான்" என்று ஏப்ரல் 14 கூட்டங்களில் முழங்குகிறோம். நாணயம் பற்றிய ஹில்டன் யங் கமிஷன் முன்பு 1925இல் அவர் சாட்சியம் சொன்னார். மத்திய வங்கி வேண்டும் என்று 1926இல் அந்தக் கமிஷன் பரிந்துரைத்தது. 1935 ஏப்ரல் முதல் தேதி ரிசர்வ் வங்கி தொடங்கியது. இதெல்லாம் சரி. ஆனால் அவர் புத்தகம் என்ன சொல்கிறது? கெயின்ஸ் 1913இல் தங்க மாற்று முறையை ஆதரித்து எழுதியதை அது மறுக்கிறது. அந்த முறையில் அரசாங்கம் இஷ்டத்துக்கு ரூபாயை வெளியிட வழியிருக்கிறது, விலைவாசி ஏறும், ஏறினால் கூலிக்காரர் வயிற்றில் அடி விழும் என்பது அவர் கவலை. ரூபாயின் மதிப்பு விழும்போது ஏற்றுமதி செய்கிறவருக்கு லாபம் வருகிறதே, அது தேசத்துக்கு லாபம்தானே என்று அப்போதும் பேசினார்கள். அந்த லாபம் வானத்திலிருந்து விழுவதில்லை, விலை ஏறிய அளவுக்குக் கூலி ஏறாததால் உழைக்கிறவரிடமிருந்து முதலாளியிடம் போகிறது என்று 32 வயசில் அவர் எழுதினார். இன்றைக்கும் டாலர் கணக்கைத் தொலைக்காட்சியில் வாசிக்கும்போது யார் பாக்கெட்டிலிருந்து யார் பாக்கெட்டுக்கு என்று கேட்கிற ஆள் இல்லை. கேட்கச் சொல்லிக் கொடுத்த புத்தகம் நம் அலமாரியில்தான் இருக்கிறது.

1947இல் ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் பெடரேஷன் சார்பில் அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. முக்கியத் தொழில்களும் காப்பீடும் அரசுக்குச் சொந்தம். விவசாய நிலமும் அரசுக்குச் சொந்தம்; சாதி பார்க்காமல் ஊராருக்குக் குத்தகைக்கு விட்டுக் கூட்டாகப் பயிர் செய்ய வேண்டும். நிலச்சுவான்தாரும் இருக்கக் கூடாது, நிலமற்ற கூலியும் இருக்கக் கூடாது. இதைச் சட்டசபையின் பெரும்பான்மைக்கு விடாமல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்றார். அது நடக்கவில்லை. சிலையின் கையில் இருக்கிற புத்தகத்தில் இந்தப் பக்கங்கள் இல்லை.

இன்றைய கணக்குக்கு வருவோம். தினமும் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறவன் நான். கடன் விண்ணப்பத்தில் சாதியைச் சொல்லி யாரும் வட்டியை ஏற்றுவதில்லை. தேவையே இல்லை. பட்டா, சிட்டா, அடங்கல் கேட்கிற இடம் இருக்கிறது. நிலம் இருக்கிறவருக்குப் பயிர்க்கடன் 7 சதவீதம்; தவணை தவறாமல் கட்டினால் அரசு மானியம் போக 4 சதவீதம். நிலமில்லாத பெண்ணுக்கு நுண்கடன் நிறுவனத்தின் குழு லோன், 20 சதவீதத்துக்கு மேல். வாரம் தவறினால் குழுவில் உள்ள மற்றப் பெண்களே வாசலில் வந்து நிற்க வேண்டும். அதுவும் கிடைக்காதவர்களுக்குத் தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி. செங்கல் சூளைக்கு மொத்தக் குடும்பத்தையும் கூட்டிப் போக மேஸ்திரி கொடுக்கிற அட்வான்ஸுக்கு வட்டியே கிடையாது. வட்டிக்குப் பதில் ஆளையே எடுத்துக்கொள்கிறார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். மனுவின் அட்டவணையை எடுத்து இதன் பக்கத்தில் வையுங்கள். எழுதிய கை மாறியிருக்கிறது. வரிசை மாறவில்லை.

நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 2011 கணக்கெடுப்பின்படி 16.6 சதவீதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் கையில் இருந்த சாகுபடி நிலம் சுமார் 9 சதவீதம். தாமஸ் பிக்கெட்டி 2013இல் எழுதி உலகமெங்கும் விற்ற 'இருபத்தோராம் நூற்றாண்டில் மூலதனம்' சொல்வது, சொத்திலிருந்து வரும் வருமானம் நாட்டின் வளர்ச்சியைவிட வேகமாக ஓடினால் பரம்பரைச் சொத்துக்காரர்தான் முன்னால் போய்க்கொண்டிருப்பார் என்பது. இந்தியாவில் சொத்து மட்டும் பரம்பரையாக வரவில்லை. சொத்து சேர்க்கக் கூடாது என்கிற தடையும் பரம்பரையாக வந்தது. தடையின் மேல் எத்தனை நூற்றாண்டு வட்டி ஏறியிருக்கும் என்று எந்தப் பொருளாதார அறிஞரும் இன்னும் போட்டுக் காட்டவில்லை.

சந்தைக்குச் சாதி தெரியாது, அதற்குக் காசுதான் தெரியும் என்கிறார்கள். பார்பரா ஹாரிஸ்-வைட் என்கிற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் நம்ம ஆரணியில் பல பத்து வருடங்கள் அரிசி ஆலையையும் பட்டுத் தறியையும் கடைவீதியையும் ஆராய்ந்தவர். 2003இல் அவர் எழுதிய 'இந்தியா ஒர்க்கிங்' நூலின் முடிவு என்ன? சந்தை சாதியைக் கரைக்கவில்லை. யார் எந்தத் தொழிலுக்குள் வரலாம், யாருக்குக் கடன் கிடைக்கும், தகராறை யார் தீர்ப்பது என்று சந்தையை ஒழுங்குபடுத்துவதே சாதிதான். திருப்பூர் பனியன் முதலாளிகளைப் பற்றி ஷரத் சாரி 2004இல் எழுதிய நூலில், விவசாயக் கூலிப் பின்னணியிலிருந்து வந்த கவுண்டர்கள் முதலாளிகளானதை விவரிக்கிறார். அவர்கள் அதற்குச் சொல்கிற காரணம் உழைப்பு. உழைத்தார்கள், மறுக்கவில்லை. பக்கத்தில் நின்று உழைத்த அருந்ததியர் உழைப்பு மட்டும் ஏன் முதலாகவில்லை? பங்காளி, சம்பந்தி, சங்கம், உத்தரவாதக் கையெழுத்து இதெல்லாம் உழைப்பில் சேர்த்தியா? பெரிய கம்பெனிகளின் கதையும் இதுதான். 1000 பெரிய இந்தியக் கம்பெனிகளின் இயக்குநர்களை எண்ணிப் பார்த்து 2012இல் வந்த ஆய்வு, 93 சதவீதம் பேர் முற்பட்ட சாதியார் என்றது. பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்ந்து 3.5 சதவீதம். கம்பெனி போர்டுக்கும் அக்ரகாரத்துக்கும் நடுவில் தெரு ஒன்றுதான் குறைகிறது.

இந்த இடத்தில் இரண்டு தரப்போடு நமக்கு வழக்கு இருக்கிறது.

ஒன்று, வர்க்கம் முதலில், சாதி பிறகு என்கிற தோழர்களோடு. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட போராட்டம் அது, செங்கொடியின் கீழ் நடந்தது, அந்தத் தியாகத்தை மதிக்கிறோம். ஆனால் குடிசையில் அடைபட்டு வெந்தவர்கள் அத்தனை பேரும் தலித்துகள் என்பதை விவசாயத் தொழிலாளர் என்கிற சொல் மூடிவிடுகிறது. 1973இல் உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தபோது சொன்ன நியாயத்தை நினைத்துப் பாருங்கள். கார் வைத்திருக்கிற அளவு வசதிக்காரர்கள் தாங்களே நடந்து போய் இதைச் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். சொத்தே சாட்சியாகிவிட்டது. இதில் எது வர்க்கம், எது சாதி என்று கத்தி வைத்துப் பிரித்துக் காட்டட்டும். 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தை அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டி 17 பேரைச் சாகடித்தார்களே, அங்கே கேட்டதும் கூலிதான். அடித்த லத்திக்குக் கூலிக்காரரின் சாதி தெரிந்திருந்தது.

இரண்டாவது வழக்கு, முதலாளியமே நம்மை விடுவிக்கும் என்கிற நம்மவர்களோடு. 2002 போபால் பிரகடனத்திலிருந்தும் 2005இல் தொடங்கிய தலித் தொழில் வர்த்தக சபையிலிருந்தும் இந்தக் குரல் வலுத்திருக்கிறது. கிராமத்தைவிட நகரம் மேல், பண்ணையைவிடக் கம்பெனி மேல் என்று அவர்கள் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. ஒருவர் லாரி வாங்கினால், கடை போட்டால், பட்டறை வைத்தால் நாம் மகிழ்ச்சியே அடைவோம். கேள்வி வேறு. அரசுக் கொள்முதலில் பட்டியல் சாதி, பழங்குடிச் சிறு தொழில்களுக்கு 4 சதவீதம் என்று 2012இல் வந்த கொள்கையே பல வருடம் இலக்கை எட்டவில்லை. சட்டம் போட்டும் நுழைய முடியாத சந்தை, தானாகக் கதவைத் திறக்குமா? நூறு தலித் முதலாளிகள் வந்தால் சூளையில் இருக்கிற குடும்பத்தின் அட்வான்ஸ் தீருமா? 1991க்குப் பிறகு அரசு வேலையும் பொதுத்துறையும் சுருங்கச் சுருங்க இடஒதுக்கீட்டின் காலடி மண் கரைந்தது. வங்கிகளில் துப்புரவு வேலை, காவல் வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போனது. ஒப்பந்தத்துக்கு இடஒதுக்கீடு இல்லை. இந்த இழப்பை எந்த வெற்றிக்கதையும் ஈடு செய்யாது.

சரி, என்ன செய்வது?

வாசிப்போம், கூடி வாசிப்போம். இவை கடினமான புத்தகங்கள் என்று பயமுறுத்துகிறவர்கள், வட்டிக்குப் பணம் வாங்கிய நம் அம்மாக்களைப் பார்த்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாமலே மூன்று குழு, இரண்டு அடகுக் கடை, ஒரு தண்டல் என்று தேதி பிசகாமல் மனக்கணக்காக வைத்திருக்கிறார்கள். பொருளாதாரம் அவர்களுக்குத் தெரியும். பெயர்தான் தெரியாது.

எழுதுவோம். உங்கள் சேரியில் எத்தனை வீட்டு மனைக்குப் பட்டா இருக்கிறது? பஞ்சமி நிலம் என்று பழைய பதிவேட்டில் உள்ளது இன்று யார் பேரில்? நடவுக்கு ஆணுக்கு என்ன கூலி, பெண்ணுக்கு என்ன கூலி? கல்விக் கடன் கேட்டுப் போன பிள்ளையை எந்தக் காகிதம் இல்லை என்று திருப்பினார்கள்? இதையெல்லாம் தகவல் உரிமை மனு போட்டும் வீடு வீடாகக் கேட்டும் எழுதுங்கள். மக்கள்தொகை விகிதப்படி நமக்கு ஒதுக்க வேண்டிய பணத்துக்கான சிறப்பு உட்கூறுத் திட்டம் 1979-80இலேயே வந்தது. 2010இல் டெல்லியில் அந்தப் பணத்தில் பல நூறு கோடியைக் காமன்வெல்த் விளையாட்டுக்குத் திருப்பியதை நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் 2024இல் இதற்கென்று சட்டமே நிறைவேறியிருக்கிறது. சட்டம் இருக்கிறது என்று கைகட்டி நின்றால் பணம் பாலத்துக்கும் பூங்காவுக்கும் போகும். பட்ஜெட் புத்தகத்தை விரல் வைத்து வரி வரியாக வாசிக்கிற ஓர் ஆள் ஒவ்வொரு ஊரிலும் நமக்கு வேண்டும்.

அடுத்த இதழிலிருந்து நான்கு பக்கம் இதற்கு ஒதுக்குகிறோம். 1918இல் பாபாசாகேப் எழுதிய சிறு நிலவுடைமைக் கட்டுரையிலிருந்து தொடங்குகிறோம். நிலம் துண்டு துண்டாக இருப்பதுதான் நோய் என்று எல்லோரும் சொன்னபோது, நிலத்தின் தலையில் இத்தனை பேரைச் சுமத்திவிட்டு வேறு வேலை தராததுதான் நோய் என்று அதில் வாதாடினார். நூறு நாள் வேலைக்கு வரிசையில் நின்ற நம் சனத்துக்கு அதன் அர்த்தம் சட்டென்று புரியும். வாசிப்பு வட்டம் தொடங்குகிறவர்கள் ஒரு கார்டு போட்டால் பிரதி அனுப்புவோம்.

களத்துமேட்டு நோட்டு இப்போது கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. அதில் நம் பெயருக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு வாங்கிப் படிப்போம். தப்பாக இருந்தால் கைநாட்டு வைக்க மறுப்போம்.

ஜெய்பீம்.